இரண்டடித் தொட்டிக்கு முதல் குள்ளச் சிக்லிட்

சிக்லிட் என்ற குடும்பப் பெயரைக் கேட்டவுடன் நம் தோட்டப்புறத்து மக்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டே மீன்கள்தாம். ஒன்று, சந்தையில் நிறுத்து வாங்கிப் பொரித்துச் சாப்பிடும் திலாப்பியா. மற்றொன்று, ஒரு காலத்தில் கடை முகப்புகளில் தனித்தொட்டியில் தனியரசு நடத்திய, நெற்றி புடைத்த லுவோஹான். லுவோஹான் தொட்டிக்குள் நீட்டிய விரலையே கடிக்க வருவதைப் பார்த்துப் பழகியவர்கள், சிக்லிட்டை வேறு மீனோடு சேர்த்து வளர்க்கவே முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதே குடும்பத்தில், முழுதாக வளர்ந்தும் ஆள்காட்டி விரலின் நீளத்தைத் தாண்டாத சிறு மீன்கள் பல உண்டு. பொதுவாக 10 செ.மீ.க்கு உட்பட்ட அவற்றையே குள்ளச் சிக்லிட் என்கிறோம். அவற்றில் சிலவற்றைச் சிறு மீன் கூட்டத்தோடு ஒரே தொட்டியில் சண்டையின்றி வைத்திருக்கலாம்.

மலேசியாவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட் போன்ற ஒரு தாழ்நில ஊரில், வீட்டு ஹாலின் மூலையில் முதல் தொட்டியை வைக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். குள்ளச் சிக்லிட்டைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் குளிர்நாட்டினர் எழுதியவை என்பதால், ஹீட்டர் வாங்கச் சொல்வதிலேயே அவை தொடங்கும். நமக்கோ தண்ணீரைச் சூடாக்குவது அன்று, சூடேறாமல் காப்பதே வேலை. மீனைப் பார்த்து ஆசைப்பட்டு, பிறகு அதற்காகத் தொட்டியைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, நம் வீட்டுச் சூட்டையும் குழாய்த் தண்ணீரையும் முதலில் அறிந்து, அவற்றுக்குள் அடங்கும் மீனைக் கடைசியாகத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவன். இரவுச் சந்தையில் விளக்கு வெளிச்சத்தில் நீலமும் பொன்னுமாக மின்னிய, ராமிரேசி என்னும் குள்ளச் சிக்லிட் மீன்கள் நான்கை வாங்கி, தண்ணீர் நிரப்பி ஒரு வாரமே ஆகியிருந்த தொட்டியில் விட்டேன். பத்து நாளில் நான்கும் போய்விட்டன. விற்றவரைக் குறை கூற எனக்கு வாய் இல்லை. தொட்டி எத்தனை நாள் ஆனது என்று அவர் கேட்டிருக்கலாம், ஆனால் கேட்டிருந்தாலும் நான் கூசாமல் பொய்தான் சொல்லியிருப்பேன்.

முதல் படி: தொட்டியும் அதன் இடமும்

நம் கடைகளில் தொட்டியை அடிக்கணக்கில்தான் கேட்பார்கள். குள்ளச் சிக்லிட்டுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியே குறைந்தபட்ச அளவு. அது ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போட்ட பிறகு 45 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். இந்த மீன்கள் தரையோடு ஒட்டி வாழ்ந்து, தரையிலேயே எல்லை வகுத்துக்கொள்பவை ஆதலால், உயரமான தொட்டியால் அவற்றுக்கு ஒரு பயனும் இல்லை. அடிப்பரப்பு எவ்வளவு என்பதே கணக்கு. கண்ணாடி, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 70 கிலோ அளவுக்குப் பாரம் வரும் என்பதால், பிளாஸ்டிக் மேசையிலோ தொலைக்காட்சிப் பெட்டியின் பலகையிலோ வைக்கலாகாது.

இடத்தை முடிவு செய்யுமுன், ஒரு வாளித் தண்ணீரை மூடி அந்த மூலையில் வைத்து, விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அதன் வெப்பத்தை ஒரு வாரம் அளந்து எழுதி வையுங்கள். என் வீட்டு ஹாலில் அது 27 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. தகரக் கூரையின் கீழ், மேற்குப் பார்த்த சுவரோரம் வைத்தால் இதையும் தாண்டும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வாயு குறைந்துகொண்டே போகும்: 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் உயிர்வாயுவைத் தாங்கினால், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம் அளவே தாங்கும். ஆகவே ஹீட்டருக்கு வைத்திருந்த காசில் நல்ல காற்றுப் பம்பு ஒன்றும் பஞ்சு ஃபில்டர் ஒன்றும் வாங்குங்கள். வெயில் கொளுத்தும் மாதங்களில் தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தவாறு ஒரு சிறு விசிறியை ஓடவிட்டால், நீர் ஆவியாவதாலேயே இரண்டு டிகிரி வரை குறையும். குறைந்த தண்ணீரை மட்டும் தினமும் ஊற்றிவர வேண்டும்.

இரண்டாம் படி: தண்ணீர்

நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, அதாவது சுண்ணாம்பு உப்புகள் குறைந்தது. தென் அமெரிக்க மீன்களுக்கு அது வரப்பிரசாதம். அதிலுள்ள குளோரின்தான் பகை. கடையில் ஆண்டி குளோரின் என்று கேட்டால் தரும் திரவத்தைக் குறிப்பிட்ட அளவில் கலந்தால் அந்தத் தொல்லை உடனே தீரும். தண்ணீர்த் தடை முடிந்து குழாய் திரும்பத் திறக்கும் முதல் நாளில் வரும் கலங்கல் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். வாளியில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் வாளியைக் கட்டாயம் மூடி வைக்க வேண்டும். மீனுக்கு இரையாகட்டும் என்று கொசுப்புழு வளர்ப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்; ஏடிஸ் கொசு பெருக இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம், சோதனைக்கு வரும் அதிகாரியிடம் மீன் இரை என்று சொன்னால் அபராதம் குறையாது.

மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மழைநீரில் அமிலத்தன்மையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கி நிறுத்தும் உப்புகள் ஏறக்குறைய இல்லை. அதை மட்டும் நிரப்பிய தொட்டியில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஓரிரவில் சரிந்துவிடக்கூடும். போதாததற்குத் தகரக் கூரையின் துத்தநாகமும் கலந்து வரும். புதியவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. தண்ணீருக்குக் காட்டாற்றின் தேநீர் நிறம் வேண்டுமென்றால், தாமான் எனப்படும் குடியிருப்பின் ஓரத்தில் நிழலுக்கு நட்டிருக்கும் கெத்தாபாங் மரத்தின், அதாவது நாட்டு வாதுமையின், தானாக உதிர்ந்து பழுத்துக் காய்ந்த இலைகளில் இரண்டைக் கழுவிப் போட்டாலே போதும்.

இனி, புதியவர் யாருக்கும் பிடிக்காத பகுதி. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதை வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தால் சமாளிக்கலாம். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நண்பர் ஒருவரின் நலமான தொட்டியில் ஓடிய பழைய பஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் சேர்த்தால் காத்திருப்பு பாதியாகக் குறையலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனைக் குழாயில் பூச்சியம் காட்டும் வரை சிக்லிட் வேண்டாம். என் நான்கு ராமிரேசிகளும் இந்தப் பூச்சியத்துக்குக் காத்திராததால் செத்தவை.

மூன்றாம் படி: எந்த மீன்?

அழகால் முதலில் கண்ணில் படுவது ராமிரேசிதான். 1948ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் பெற்ற இம்மீன், வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒரினோக்கோ ஆற்றுப் படுகையில் பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளிகளைச் சேர்ந்தது. அங்குள்ள ஆழமற்ற நீர்நிலைகள் வெயிலில் நன்றாகச் சூடேறுபவை; ஆகவே 27 முதல் 30 டிகிரி வரையுள்ள, மென்மையான, சற்றே அமிலமான தண்ணீரை அது விரும்புகிறது. படிக்கும்போது நம் ஊருக்காகவே படைக்கப்பட்டதுபோல் தோன்றும். வெப்பத்தைப் பொறுத்தவரை அது உண்மையுங்கூட. தடை இருப்பது மீனின் இனத்தில் அன்று, விற்பனைக்கு வரும் மீனின் வளர்ப்பில். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்டதால் உடல் நலிந்த மீன்கள் நிறைய வருகின்றன. நிறம் சீக்கிரம் ஏறுவதற்காக ஹார்மோன் கொடுக்கும் வழக்கமும் சில பண்ணைகளில் உண்டு. தண்ணீரின் தூய்மை சற்றுக் குறைந்தாலும் முதலில் துவள்வது இதுதான். தொட்டி ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு, வளர்த்தவரைத் தெரிந்து வாங்க முடிந்தால் வாங்குங்கள். முதல் மீனாக வேண்டாம்.

அதன் உறவினமான பொலிவிய ராம் 1911ஆம் ஆண்டிலேயே பெயரிடப்பட்டது. பொலிவியாவிலும் அதை ஒட்டிய பிரேசில் பகுதியிலும் வாழும் இம்மீன் 8 செ.மீ. வரை வளரும், சாம்பலும் மஞ்சளுமான மேனி, சிவந்த துடுப்பு விளிம்பு, வலிய உடல், அடங்கிய குணம். கண்ணைப் பறிக்கும் நிறம் இல்லாததால் கடைகளில் அதற்குக் கேள்வி குறைவு. கிடைத்தால் புதியவருக்கு நல்ல தேர்வு. சிறிது குளிர்ந்த தண்ணீரே அதற்கு உகந்தது என்பதால், 30 டிகிரியைத் தொடும் வீட்டில் விசிறி கட்டாயம்.

கிரிபென்சிஸ் ஆப்பிரிக்க மீன். நைஜீரியாவும் கேமரூனும் அதன் தாயகம். எதையும் தாங்கும், எதையும் தின்னும், வயிறு செர்ரிப்பழம்போல் சிவந்த பெட்டையின் அழகைச் சொல்லி மாளாது. ஆயினும் ஆண் 10 செ.மீ.யையும் தாண்டக்கூடிய மீன் அது. குஞ்சு பொரித்துவிட்டால் ஒரு சோடி இரண்டடித் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு, மற்ற மீன்களை ஒரு மூலையில் ஒண்ட வைத்துவிடும். மூன்றடித் தொட்டி வாங்கும்போது அதைப் பற்றி யோசிக்கலாம்.

எஞ்சியிருப்பது அப்பிஸ்டோகிராமா என்னும் பெரும் பேரினம். அதில் அகாசிசியின் வால் அழகு தனி, ஆனால் மிக மென்மையான, அமிலமான தண்ணீரை அது எதிர்பார்க்கும். பொரெல்லி பராகுவே ஆற்றுப் பக்கத்து மீன். 20 டிகிரிக் குளிரையும் பொறுக்கும், நீடித்த சூட்டில்தான் வாடும். கேமரன் மலையில் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தேயிலைத் தோட்டப் பக்கம் இருக்கும் வாசகர்கள் தயங்காமல் பொரெல்லியையே தேடலாம். கீழே இருக்கும் நமக்கு அது ஒத்துவராது.

தாழ்நிலத்து இரண்டடித் தொட்டிக்கு நான் சொல்வது அதே பேரினத்தைச் சேர்ந்த காக்கட்டுவாய்டிஸ். 1951ஆம் ஆண்டில் பெயர் பெற்ற இம்மீன் பெரு நாட்டிலும் பிரேசிலின் மேற்குப் பகுதியிலும் அமேசான் ஆற்றோடு சேரும் நீரோடைகளில் வாழ்கிறது. ஆணின் முதுகுத் துடுப்பின் முன்கதிர்கள் கொண்டைபோல் நீண்டு நிற்பதால், கொண்டையுள்ள கிளியின் பெயரை இதற்கு வைத்தார்கள். அந்தக் கிளியின் பெயரோ மலாய் மொழியின் காக்காத்துவாவிலிருந்து ஐரோப்பியர் கொண்டுபோனது. அமேசான் மீன் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்கும்போது நாம் பாதி மலாயில்தான் பேசுகிறோம் என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி.

இதைப் பரிந்துரைப்பதற்குப் பெயர் காரணம் அன்று. அமிலத்தன்மை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், பி.எச். 6 முதல் 7.5 வரை எங்கு நின்றாலும் இது தாக்குப்பிடிக்கும். 28 டிகிரியில் நலமாக வாழும். பிற்பகலில் சிறிது நேரம் அதற்கு மேல் ஏறினாலும், காற்றோட்டம் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஆண் 8 செ.மீ., பெண் 5 செ.மீ. அளவே வளர்வதால் இரண்டடிக்குள் அடங்கும். டபுள் ரெட், டிரிபிள் ரெட் என்று துடுப்புச் சிவப்பை வைத்துப் பெயரிட்டு விற்பவை எல்லாம் இதே மீனின் பண்ணை வகைகள்தாம். அதிகச் சிவப்புக்கு அதிக விலை கொடுப்பது புதியவருக்குத் தேவையற்ற செலவு.

எத்தனை வாங்குவது? அமைதியான தொட்டி போதும் என்பவர் ஓர் ஆணை மட்டும் வாங்கலாம். துணையின்றியும் அது நன்றாக இருக்கும். குடும்பம் பார்க்க ஆசைப்படுபவர் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாங்கலாம். இரண்டடித் தொட்டியில் இரண்டு ஆண்கள் ஒருபோதும் கூடாது. இயற்கையில் ஓர் ஆண் பல பெண்களின் எல்லைகளைச் சுற்றிவரும் என்றாலும், அதற்கு மூன்றடித் தொட்டி வேண்டும்.

நான்காம் படி: மணல், மங்கு, செடி

இம்மீன்கள் மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியே விடுபவை. ஆகவே கூரிய சரளைக்கல் வேண்டாம். நைசான ஆற்று மணலைக் கழுவும் தண்ணீர் தெளியும் வரை அலசி, இரண்டு விரற்கடை அளவுக்குப் பரப்புங்கள். பெண் மீன் குகைக்குள் தலைகீழாக நின்று கூரையில் முட்டை ஒட்டும் இனம் இது என்பதால், பெண்ணுக்கு ஒன்று என்றில்லாமல் இரண்டு மூன்று குகைகளாவது இருக்க வேண்டும். கடையில் விற்கும் குகைகளைவிட நம்மிடம் நல்லது உண்டு. ரப்பர் பால் வெட்டிய காலத்தில் பாலைப் பிடித்த பீங்கான் மங்கு ஒன்று எங்கள் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. உள்ளே ஒட்டிக் காய்ந்திருந்த பாலைக் கத்தியால் சுரண்டி, கொதிநீரில் போட்டு, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கவிழ்த்து வைத்தேன். ஒரு பக்க விளிம்பைக் கூழாங்கல்லின் மேல் ஏற்றி, சிறுவிரல் நுழையும் இடைவெளி மட்டும் விட்டேன். ஆண் நுழைய முடியாமல் பெண் மட்டும் நுழையும் அந்த இடைவெளிதான் முக்கியம். மங்கு கிடைக்காதவர்கள் தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டையிட்டு, நாரைச் சுரண்டி, தண்ணீரில் நிறம் இறங்குவது குறையும் வரை கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம். குகைகளை ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதபடி மரவேராலும் செடியாலும் மறைத்து வையுங்கள். எதிரி கண்ணில் படாவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும்.

ஐந்தாம் படி: கூட இருப்பவர்கள்

சிக்லிட்டுக்கு முன்பே, நீரின் நடுப்பகுதியில் திரியும் கூட்ட மீன்களை விட வேண்டும். அவை அச்சமின்றி வெளியில் நீந்தினால்தான், ஆபத்து இல்லை என்று கண்டு சிக்லிட்டும் குகையைவிட்டு வெளியே வரும். இதற்கு அமேசானுக்குப் போக வேண்டியதில்லை. தீபகற்ப மலேசியாவின் காட்டுச் சதுப்பு நீரோடைகளில் வாழும் ஹார்லெக்குவின் ராஸ்போரா, செம்பு மேனியில் கருப்பு முக்கோணத்துடன் எட்டுப் பத்தாகக் கூடி நீந்தும் காட்சி அமேசானின் எந்த டெட்ரா மீனுக்கும் இளைத்ததன்று. மென்மையான சூட்டுத் தண்ணீர் அதற்குப் பிறந்த வீடு. டெட்ராதான் வேண்டும் என்றால் கார்டினல் வாங்குங்கள். நியான் நம் வெப்பத்தில் நீண்ட நாள் தாங்காது. புலிக்கெண்டை துடுப்பைக் கடிக்கும். தரையில் மேயும் கோரிடோராஸ் கெளுத்தி, குஞ்சு காக்கும் சிக்லிட்டிடம் அடிபட்டும் புரியாமல் திரும்பத் திரும்ப அங்கேயே போகும். செர்ரி இறால் விட்டால் அதன் குட்டிகளெல்லாம் சிக்லிட்டுக்கு இரைதான்.

ஆறாம் படி: கடையில்

கடைக்குப் போனதும் மீனைக் காட்டச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் தொட்டிமுன் நின்று பாருங்கள். வயிறு உள்வாங்கியிருக்கிறதா, வெள்ளை நூல்போல் கழிவு தொங்குகிறதா, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஆசனவாயில் சிவப்பு நூல் நுனிகள் இரண்டு மூன்று எட்டிப் பார்த்தால் அது கமல்லானஸ் குடற்புழு. அந்தத் தொட்டியில் இருந்து ஒரு மீனும் வாங்கக் கூடாது. பிறகு கடை முதலாளியான தவுக்கேயிடம் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள்.

ஆண், பெண் அடையாளத்தில் ஏமாறுவது மிக எளிது. வளராத ஆணும், பெரிய ஆணுக்கு அஞ்சி அடங்கிக் கிடக்கும் ஆணும் பார்ப்பதற்குப் பெண்போலவே இருக்கும். பருவமடைந்த பெண்ணின் வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பு கறுத்திருக்கும். நிறம் மஞ்சள் ஓடியிருக்கும். “அண்ணே, சின்னதா இருக்கிறதெல்லாம் பொம்பளைதான்” என்று கடைப் பையன் சொன்னதை நம்பி வாங்கிய என் முதல் பெண், இரண்டே மாதத்தில் கொண்டை வளர்த்தது.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வேறொரு சிறு தொட்டி இருந்தால் மூன்று வாரம் அதில் தனியே வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஏழாம் படி: அன்றாடம்

நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் தீனி. சிறு குருணையோடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் உறைந்த ரத்தப்புழு அல்லது ஆர்ட்டீமியா என்னும் பொடி உப்புநீர் இறால். ஒரு நாள் பட்டினி. வாரம் ஒருமுறை ஒரு வாளி, அதாவது 11 அல்லது 12 லிட்டர், தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவ வேண்டும். குழாயடியில் கழுவினால் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

டெங்கிக்காகத் தெருவில் புகை அடிக்க வரும் நாளை மறந்துவிடாதீர்கள். அந்த மருந்து மனிதர்களைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது. அறிவிப்பு வந்ததும் சன்னலைச் சாத்தி, தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, வெளிக்காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும் காற்றுப் பம்பை நிறுத்துங்கள். புகை கலைந்ததும், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், பம்பைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். நம் சூட்டில் அதற்கு மேல் காற்றில்லாமல் தாங்காது. மாலை இடிமழையில் மின்சாரம் போகும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

எல்லாம் சரியாக நடந்தால், சில மாதங்களில் ஒரு நாள் பெண்ணைக் காணவில்லை என்று தேடுவீர்கள். எங்கள் வீட்டில் அது மங்குக்குள் இருந்தது. மறுநாள் தலையை மட்டும் நீட்டியபோது, அதுவரை மங்கிய சாம்பலாக இருந்த உடல் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறி, கண்ணின் ஊடாக ஓடும் கோடு மை தீட்டியதுபோல் கறுத்திருந்தது. தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய ஆணை அது விரட்டிய வேகத்தில் ராஸ்போராக்கள் அனைத்தும் மேல்மட்டத்துக்கு ஏறிவிட்டன. இந்நிலையில் குகையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். முட்டை பொரிக்க மூன்று நாள் அளவும், குஞ்சுகள் நீந்தத் தொடங்க மேலும் ஐந்து நாள் அளவும் ஆகும். நீந்தத் தொடங்கியதும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை இரையாகக் கொடுக்கலாம். ஆணின் துடுப்பு கிழிபடும் அளவுக்குத் துரத்தல் கடுமையானால் அதை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அப்பிஸ்டோகிராமாவின் குஞ்சுகள் ஆணாவதும் பெண்ணாவதும் தொடக்க வாரங்களின் வெப்பத்தைப் பொறுத்தது. சூடு கூடினால் ஆண்களே மிகும். விசிறி இல்லாத நம் தொட்டிகளில் ஆண்களே மிகுதியாகத் தேறுவது இதனால்தான்.

மிஞ்சிய குஞ்சுகளைக் கடையில் கொடுத்துத் தீனிக்கு மாற்றிக்கொள்ளலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம். வெள்ளீயம் தோண்டி எடுத்த பழைய குட்டைகளிலும் ஆற்றிலும் விடக் கூடாது. அப்படி யாரோ கொண்டுவந்து விட்ட மற்றொரு தென் அமெரிக்கச் சிக்லிட்டான பீக்காக் பாஸ், இன்று அதே குட்டைகளில் நம் நாட்டுச் சிறு மீன்களைத் தின்று பெருகிக் கிடக்கிறது.